பதினொரு முங்கு

வைகாசி பதினாலு, காலை பத்தே கால், மேகமில்லை:
ஆறு நிமிடம்.
ஆனி இரண்டு, அதே நேரம், கச்சான் மண்ணை அள்ளி வீசிய நாள்:
ஒன்பதரை. அதுவும் வெளிறல்.

சின்ன ஏர்வாடியில் மாடி அறை, கீழே ஐஸ் கம்பெனி.
மழைநாளுக்கென்று எட்டு ஊதாக் குழல்விளக்குகளை
பிளைவுட் பெட்டிக்குள் வரிசையாகப் பூட்டினேன்.
கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் எட்டும் இருமும்.
பதினெட்டு நிமிடம் என்று எழுதியதை அடித்து
இருபத்தாறு என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.

உத்தரத்தில் தொங்கும் மஞ்சள் பல்பு
இரவெல்லாம் எரியட்டும், தாளுக்கு அது இருட்டு.
அதன் அடியில் நின்றுதான் மருந்து பூசுகிறேன்.
வாலிநோக்கத்து உப்பளம் கண்ணைப் பறிக்கிற வெள்ளை;
சட்டத்தை அங்கே சுமந்துபோய்ப் பார்த்தேன்,
அரை நிமிடம்கூட மிச்சமாகவில்லை.
அதற்குப் பிறகு
எது வெளிச்சம் என்று என் கண்ணைக் கேட்பதில்லை.

பாகம்பிரியாள் பாசி எடுக்கிறவள்.
கேட்டால் காயாத பச்சையில் ஒரு கொத்து தருவாள்.
கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் வைத்து
கிளிப் போட்டு இறுக்கி வெயிலில் சாய்ப்பேன்.
பக்கடாப் பாசி தடிமன், ஓரத்தில் வெயில் புகுந்துவிடும்.
மரிக்கொழுந்து சொன்னபடி கேட்கும்.

அன்று ரேஷன் கடையிலிருந்து நேரே வந்தாள், பை காலி.
மிஷின் விரலை எடுக்கவில்லையாம்.
கட்டைவிரல், ஆள்காட்டி, துடைத்துவிட்டு மறுபடி, மறு கை.
"பாறையில தேஞ்சு கெடக்கு, அது என்னதான் செய்யும் பாவம்"
என்றாள், மிஷினுக்காக.

பிறகு கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு
பூசின தாளின்மேல் கையை விரித்தாள்.
என்னைக் கேட்கவில்லை.
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்கவுமில்லை.
என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.
"எவ்வளவு நேரம்?"
லேசான மூட்டம். ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட.
"முங்குக் கணக்குல சொல்லு."

தெரியாதே என்றேன்.
அவள் கண்ணை மூடி, கன்னம் உப்ப, மூச்சை அடக்கினாள்.
கடல் கண்ணுக்கே தெரியாத மொட்டைமாடியில்
ஓர் ஆள் முங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒன்று. விசில் போல மூச்சை விட்டாள்.
இரண்டு.
நாலாவதில் தாளின் மஞ்சள் பச்சைக்கு மாறியது.
ஏழாவதில் சாம்பல்.
எட்டாவதில் காக்கை ஒன்றின் நிழல் குறுக்கே போனது,
அதை நான் கழிக்கவில்லை.
முழங்கை நடுங்கியது. கை நகரவில்லை.
பதினொன்றில் எடுக்கச் சொன்னேன், குத்துமதிப்பாக.

கிணற்றுத் தண்ணீர் நீலத்தைத் தின்னும்.
வண்டித் தண்ணீர்தான், குடம் பன்னிரண்டு ரூபாய்,
அதில் அரை மூடி எலுமிச்சை.
சுற்றிலும் நீலம் ஏறஏற
உள்ளே ஒரு கை வெளுத்து வந்தது.
துணிக்கட்டிலிருந்து பிரிந்த இரண்டு இழைகள்
ஊசியால் கீறியதுபோலத் துல்லியம்.
விரல்நுனிகள் மட்டும் மங்கல்.

"ரேகை விழலையே" என்றாள்.
இதில் யாருக்குமே விழாது என்றேன்.
"ஒனக்குமா?"
எனக்கும்.
உள்ளங்கையின் மஞ்சள் கறையைச் சேலையில் தேய்த்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப நீயும் வையி, பாப்போம்."

பூசின தாள் தீர்ந்திருந்தது. மூட்டம் வேறு கனத்துவிட்டது.
நோட்டில் எழுதினேன்:
ஆனி ஒன்பது, மதியம் பன்னிரண்டு இருக்கலாம்,
பதினொரு முங்கு.
கீழே இன்னொரு வரிக்கு என் பெயரைப் போட்டு
நேரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.
நேற்று இரவு பாத்திரம் கழுவும்போது அடக்கிப் பார்த்தேன்,
இருபத்திரண்டு எண்ணுவதற்குள் வாய் திறந்துவிட்டது.